சைக்கிளில் பூட்டிய 66 சிசி மோட்டார்: குறைந்த செலவில் இழுவையும் வேகமும் கூட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மோட்டாரைப் பற்றிய பக்கம் இது?

சைக்கிள் ஃபிரேமின் நடு முக்கோணத்தில் உட்காரும் சீனத் தயாரிப்பு டூ-ஸ்ட்ரோக் என்ஜின். பெட்டியில் என்ஜின், கார்பரேட்டர், சைலன்சர், சின்ன பெட்ரோல் டேங்க், பின்சக்கரத்துக்கு ஒரு பெரிய பல்சக்கரம், செயின், கிளட்ச் கம்பி எல்லாம் ஒன்றாக வரும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. நம் ஊரிலும் ஆன்லைனில் வாங்கிப் பூட்டுகிறார்கள். பழைய டிவிஎஸ் 50, லூனா வேலை பார்த்த மெக்கானிக் யாரிடமாவது காட்டினால் அஞ்சு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ரீட் வால்வு, ஆயில் பம்ப் எதுவும் கிடையாது. பிஸ்டனே மேலும் கீழும் போய், சிலிண்டர் சுவரில் உள்ள வாசல்களைத் (போர்ட்) திறந்து மூடுகிறது.

பெட்டியில் 80 சிசி என்று போட்டிருக்கிறதே?

அது விற்பவரின் கணக்கு. சிலிண்டர் விட்டம் 47 மிமீ, பிஸ்டன் ஓட்டம் 38 மிமீ. பெருக்கிப் பார்த்தால் 65.9 சிசி. ஓட்டம் 40 மிமீ உள்ள வகையில்கூட 69.4 சிசிதான் வரும். 40 மிமீ விட்டமுள்ள சின்ன என்ஜின் 48 சிசி. திறன் ஏறக்குறைய 2 குதிரைத்திறன். அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். சைக்கிளை 35 கிலோமீட்டர் வேகத்தில் தள்ள அது தாராளம்.

அப்படியானால் வேகத்தைக் கூட்ட எதை வாங்க வேண்டும்?

முதலில் எதையும் வாங்காதீர்கள். இந்த என்ஜினில் "கூடுதல் சக்தி" என்று கிடைப்பதில் பெரும்பகுதி, பெட்டியிலிருந்து வரும்போதே அது வீணாக்கிக்கொண்டிருந்த சக்திதான். காற்று கசிகிறது, பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்கிறது, பேக்கிங் வாசலை மறைக்கிறது, செயின் கோணலாக ஓடுகிறது. இவற்றை அடைத்தாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். அதனால் என் வரிசை இது: கசிவு, கலவை (பெட்ரோலும் காற்றும் சேரும் அளவு), தீப்பொறி, பல்சக்கரம். அப்புறம்தான் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) தேய்ப்பதும் வாசலில் அரம் போடுவதும். எக்ஸ்பான்ஷன் சைலன்சர் (கூம்பு வைத்த சைலன்சர்) கடைசி. வரிசையை மாற்றி, கசியும் என்ஜினில் சைலன்சரை மாட்டுகிறவர்களின் பிஸ்டன்தான் சீக்கிரம் ஜாம் ஆகிறது.

காற்றுக் கசிவு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, கார்பரேட்டர் மேனிஃபோல்டை (கார்பரேட்டரைச் சிலிண்டரோடு இணைக்கும் குழாய்) பிடிக்கும் இடம், மேனிஃபோல்டு சிலிண்டரில் உட்காரும் இடம், சிலிண்டர் அடிப்பகுதி ஆகியவற்றைச் சுற்றி டபிள்யூடி-40 கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். எங்கே அடிக்கும்போது ஓட்டம் ஏறுகிறதோ இறங்குகிறதோ, அங்கே ஓட்டை. சூடான சைலன்சர் மேலும் பிளக் மேலும் படாமல் அடிக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் அது.

பெரும்பாலும் குற்றவாளி முதல் இடம்தான். இதில் வரும் என்டி வகைக் கார்பரேட்டர் மேனிஃபோல்டு குழாயில் செருகி ஒரு கிளாம்ப்பால் இறுக்கும் அமைப்பு. உள்ளே குழாயின் முனை முட்டும் இடத்தில் அளவான ரப்பர் ஓ-ரிங் ஒன்றைப் போட்டு அழுத்தி இறுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். பெட்ரோல் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் வாஷர் ஊறி உப்பிவிடும். மேனிஃபோல்டின் முகம் சமமாக இல்லையென்றால் கண்ணாடித் தகட்டின் மேல் வாட்டர் பேப்பர் வைத்துத் தேய்த்துச் சமன் செய்து, புது பேக்கிங் வெட்டிப் போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்லோ ஒரே நிலையில் நிற்காமல் தானாக ஏறிக்கொண்டே போனால் மேக்னெட் (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காந்தம்) பக்கத்து ஆயில் சீலைச் சந்தேகப்படுங்கள். கவரைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கும்.

கசிவு கொஞ்சம் இருந்தால்தான் என்ன?

கசிவு வழியாக வரும் காற்றில் பெட்ரோல் இல்லை. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது. அதனால் கலவை மெலியும்போது சூடு ஏறுகிறது, மசகும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து பிஸ்டனைச் சிலிண்டரோடு பிடிக்க வைக்கும்.

முழு திராட்டிலில் (ஆக்சிலரேட்டர்) "பொர்ர்ர்" என்று தடுமாறி, ஒரு வேகத்துக்கு மேல் போக மறுக்கிறது. ஏன்?

பெட்ரோல் அதிகம். கலவை மிகக் கெட்டியாகும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் எரியாமல் ஒன்றுவிட்டு ஒரு சுற்றுக்கு எரியும். அந்தச் சத்தம்தான் அது. கிட்டோடு வரும் ஜெட்டை (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) வேண்டுமென்றே பெரிதாகத்தான் போடுகிறார்கள். புது என்ஜின் மெலிந்த கலவையில் வெந்துபோவதைவிடப் புகைவது மேல் என்ற கணக்கு. ஓடிப் பழகிய பிறகு அதைச் சரிசெய்வது நம் பொறுப்பு.

முதலில் காசில்லாத வேலை. கார்பரேட்டர் மேல்மூடியைத் திருகி ஸ்லைடை (திராட்டில் கம்பி மேலே தூக்கும் உருளை) வெளியே எடுங்கள். உள்ளே நீடில் (ஊசி), அதன் தலையில் காடிகள், ஒரு காடியில் சின்ன கிளிப். கிளிப்பை மேல் காடிக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கீழ்க் காடிக்கு மாற்றினால் பெட்ரோல் கூடும். ஒரு முறைக்கு ஒரு காடி மட்டும். நீடில் வேலை செய்வது கால் திராட்டிலிலிருந்து முக்கால் வரை. முழுத் திருப்பில் தடுமாற்றம் தொடர்ந்தால் மெயின் ஜெட்டைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கார்பரேட்டரில் ஸ்லோவுக்கென்று தனி ஜெட் கிடையாது. ஸ்லைடைத் தாங்கும் திருகு ஒன்றுதான். அதனால் ஸ்லோ கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

சின்ன ஜெட் கிடைக்கவில்லை. வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். ஜெட்டைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, அதன் துளையை எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ஈயப் பற்றாசால் (சால்டர்) அடைத்துவிட்டு, நமக்கு வேண்டிய அளவில் புதிதாகத் துளையிடுவது. சர்க்யூட் போர்டு துளைக்கும் பிட்கள் 0.6, 0.65, 0.7 மிமீ அளவுகளில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான கடைத்தெருக்களில் கேட்டுப் பார்க்கலாம். மெஷினில் போடாமல் கைப்பிடியில் மாட்டி விரலாலேயே திருகுங்கள். அந்த பிட்கள் பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்தாலும் ஒடியும்.

துளையை அளக்க கிட்டார் கம்பி நல்ல கருவி. பாக்கெட்டில் கம்பியின் தடிமன் அங்குலத்தில் போட்டிருக்கும்: 0.024 என்றால் 0.61 மிமீ, 0.026 என்றால் 0.66, 0.028 என்றால் 0.71. எந்தக் கம்பி நுழைகிறது, எது நுழையவில்லை என்று பார்த்தால் போதும்.

எவ்வளவு குறைப்பது? ஜெட்டில் 70 என்று எண் இருந்தால் துளை 0.70 மிமீ என்று கொள்ளுங்கள். பாய்வது துளையின் பரப்பைப் பொறுத்தது, விட்டத்தை அல்ல. 0.70-இலிருந்து 0.66-க்கு வந்தாலே 11 சதவீதம் குறைந்துவிடும். 0.64 என்றால் 16 சதவீதம். பார்க்க ஒன்றும் இல்லாத மாற்றம், ஓட்டத்தில் பெரிதாகத் தெரியும். அதனால் முதலில் 0.66-இல் நிறுத்துங்கள். பழைய ஜெட் ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொள்வதும் நல்லது.

கலவை சரியாகிவிட்டது என்பது எப்படித் தெரியும்?

பிளக்தான் சாட்சி. சுத்தமான பிளக்கை மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத நேர்பாதையில் முழு திராட்டிலில் கொஞ்ச தூரம் போங்கள். வேகம் குறையாமலே கிளட்சைப் பிடித்து, அதே கணத்தில் என்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்சை அமுக்குங்கள். உருட்டி நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஸ்லோவில் ஓடவிட்டு அணைத்தால் பிளக் காட்டுவது ஸ்லோவின் நிறத்தை. அதற்குத்தான் இந்தப் பாடு.

பீங்கான் பகுதி பிஸ்கட் பழுப்பில் இருந்தால் சரி. கரி படிந்து ஈரமாக இருந்தால் இன்னும் பெட்ரோல் அதிகம். வெளுத்துப் பளபளத்தால் உடனே பெரிய ஜெட்டுக்குத் திரும்புங்கள். சந்தேகம் வந்தால் கெட்டிப் பக்கமே நில்லுங்கள். கொஞ்சம் புகைந்தாலும் வீடு வந்து சேரலாம்.

பெட்ரோலில் எவ்வளவு 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில்?

புது என்ஜினுக்கு 16-க்கு 1 என்று கையேடு சொல்லும். லிட்டருக்கு 62 மில்லி. முதல் சில லிட்டர்களுக்கு அப்படியே போடுங்கள். அதன்பின் நல்ல தரமான ஆயில் என்றால் 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. 32-க்கு 1 வரை போகிறவர்களும் உண்டு (31 மில்லி). ஆயிலைக் குறைத்தால் வேகம் கூடும் என்பது பாதி உண்மைதான். புகையும் கரியும் குறையும். வேகம் வந்தது ஜெட்டால்.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆயிலைக் கூட்டினால் அதே துளை வழியே போகும் பெட்ரோல் குறைகிறது, அதாவது காற்றுக்குக் கலவை மெலிகிறது. ஆகவே ஆயில் விகிதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் ஜெட்டைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால் கெடுதலா?

எத்தனாலில் ஆக்சிஜன் சேர்ந்தே இருக்கிறது. எனவே அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் கேட்கும். 10 சதவீத எத்தனாலுக்குச் சரியான காற்று-எரிபொருள் விகிதம் 14.1-க்கு 1 என்றால், 20 சதவீதத்துக்கு 13.5 அளவில் வரும். சுமார் 4 சதவீத வித்தியாசம். ஜெட் விட்டத்தில் அது 2 சதவீதம்: 0.66 போதும் என்று இருந்த இடத்தில் 0.67 அல்லது 0.68. ஏற்கனவே கெட்டியாக ஓடும் புதுக் கிட்டுக்கு இது பொருட்டே இல்லை. விளிம்பு வரை மெலித்து வைத்தவர்களுக்குத்தான் ஆபத்து.

இன்னொன்று, எத்தனால் ஈரத்தை இழுக்கும். சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்பரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். சாதாரண பிளாஸ்டிக் டியூபும் இதில் இறுகி வெடிக்கும். பெட்ரோலுக்கான ரப்பர் டியூபாக மாற்றிவிடுங்கள்.

பிளக், காயில், சிடிஐ பற்றி?

பிளக்கை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். கிட்டோடு வருவதை வீசிவிட்டு என்ஜிகே பி6எச்எஸ் போடுங்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மிமீ. பிளக் கேப்பும் மட்டமானது, அதிர்வில் கழன்று துள்ளும். நல்ல திருகு வகைக் கேப் ஒன்று மாட்டினால் போதும். பிளாட்டினம், இரிடியம் எல்லாம் இதற்குத் தண்டச் செலவு.

மேக்னெட் காயிலிலிருந்து மூன்று கம்பிகள் வரும். நீலமும் கறுப்பும் சிடிஐ-க்கு (நேரம் பார்த்துத் தீப்பொறி விடும் பெட்டி). வெள்ளையில் விளக்கு மாட்டச் சொல்வார்கள். மாட்டினால் தீப்பொறி பலவீனமாகும். அதை டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, விளக்குக்குத் தனி பேட்டரி வையுங்கள். தீப்பொறியே வரவில்லையென்றால் நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். சுமார் 300 முதல் 350 ஓம் காட்ட வேண்டும். திறந்த சர்க்யூட் என்றால் காயில் போய்விட்டது.

சைலன்சரில் என்ன செய்யலாம்?

கழற்றி முதலில் பேக்கிங்கைப் பாருங்கள். பல கிட்களில் எக்ஸாஸ்ட் பேக்கிங்கின் துளை சிலிண்டர் வாசலைவிடச் சிறியது. வாசலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த விளிம்பைக் கத்தரியால் வெட்டினால் முடிந்தது வேலை. செலவு பூஜ்யம். இன்டேக் பக்கமும் இதே கதை. மேனிஃபோல்டு துளைக்கும் சிலிண்டர் வாசலுக்கும் இடையே படி இருந்தால் உருட்டு அரத்தால் சரிவாக்குங்கள்.

சைலன்சரின் பின்மூடி ஒரு நட்டில் நிற்கும். அதைக் கழற்றினால் உள்குழாய் மூடியோடு வரும். கரி அடைத்திருந்தால் சுரண்டி எடுங்கள். உள்குழாயை வெட்டி எறியச் சொல்கிறவர்கள் உண்டு. சத்தம் இரட்டிப்பாகும், கிடைப்பது சொற்பம், தெருவில் பகை வேறு.

எக்ஸ்பான்ஷன் சைலன்சர் உண்மையிலேயே வேலை செய்யும். வெளியே தப்பும் புதுக் கலவையை அதன் கூம்பிலிருந்து திரும்பும் அழுத்த அலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆனால் அந்த அலை சரியான நேரத்துக்கு வந்து சேர்வது ஒரு குறிப்பிட்ட சுற்று வேகத்தில் மட்டும். குழாய் குட்டையாக இருந்தால் மேல் வேகத்தில், நீளமாக இருந்தால் கீழ் வேகத்தில். மலிவு விலையில் விற்பவை பெரும்பாலும் குட்டை. தென்னந்தோப்புப் பாதையில் 25-இல் போகிறவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. மாட்டினால் ஜெட்டையும் மறுபடி பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பின் பல்சக்கரத்தை மாற்றினால் எவ்வளவு வேகம் கூடும்?

கணக்குப் போட்டுவிடலாம். என்ஜினுக்குள் 20 பல்லும் 82 பல்லும் சேர்ந்து 4.1 மடங்கு குறைக்கின்றன. வெளியே 10 பல், பின்னால் 44 பல், அதாவது 4.4 மடங்கு. மொத்தம் 18. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீட்டர் போகும். என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால் மணிக்கு 34 கிலோமீட்டர்.

பின்னால் 36 பல் போட்டால் அதே 5,000-இல் 42. 48 பல் போட்டால் 32-தான், ஆனால் மேட்டில் மிதிக்காமல் ஏறும். 36-ஐப் போட்டுவிட்டு "பிக்கப் போச்சு" என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். சமவெளி, ஒல்லியான ஆள், எதிர்காற்று இல்லை என்றால் 36 சரி. எங்கும் போக ஒரே பல்சக்கரம் கேட்டால் 41 என்பேன்.

இங்கே ஒரு விஷயம். மேல் வேகத்துக்கு என்ஜினை இன்னும் அதிகச் சுற்றுக்கு விரட்டுவதைவிட, பல்லைக் குறைத்து அதே சுற்றில் வேகம் எடுப்பது என்ஜினுக்கு நல்லது. 6,000 சுற்றில்கூட பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 7.6 மீட்டர்தான். அது பெரிதில்லை. தாங்காதவை கிராங்கின் சமநிலையும் மலிவான பேரிங்குகளும்.

ஹெட்டைத் தேய்த்துக் கம்ப்ரெஷன் கூட்டுவது எப்படி?

இழுவை வேண்டும் என்பவர்களுக்கு அடுத்த நல்ல வேலை இது. கீழ் வேகத்திலிருந்தே வித்தியாசம் தெரியும்.

முதலில் இருப்பதை அளவிடுங்கள். 2 மிமீ தடிமனுள்ள ஈயக் கம்பியை வளைத்துப் பிளக் துளை வழியாக உள்ளே விட்டு, முனை சிலிண்டர் சுவரைத் தொடும்படி, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் (ஊசி) ஓடும் திசையில் வையுங்கள். அந்தத் திசையில்தான் பிஸ்டன் சாயாது. என்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றிக் கம்பியை எடுத்து, நசுங்கிய முனையை வெர்னியரில் அளந்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி தெரியும். பல என்ஜின்களில் 1.5 மிமீ தாண்டும். 0.8-இலிருந்து 1 மிமீ வரை கொண்டுவரலாம். 0.7-க்குக் கீழே வேண்டாம். சூட்டில் கனெக்டிங் ராடு நீளும், பேரிங்கில் ஆட்டம் இருக்கும், பிஸ்டன் ஹெட்டில் தட்டும்.

தடித்த கண்ணாடித் தகட்டில் 220 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீர் விட்டு, ஹெட்டை எட்டு போடும் அசைவில் தேய்க்க வேண்டும். நடுநடுவே அரைச் சுற்று திருப்பிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் விழும் பக்கம் கூடுதலாகத் தேயும். முகத்தில் மார்க்கர் பேனாவால் கோடுகள் போட்டு வைத்தால் எங்கே இன்னும் படவில்லை என்று தெரியும். கடைசியில் 400.

எரிஅறைக் கொள்ளளவைப் பிளக் துளை வழியாக சிரிஞ்சால் எண்ணெய் விட்டு அளக்கலாம். அது 11 மில்லி என்றால் கம்ப்ரெஷன் விகிதம் 7-க்கு 1. முழு விட்டத்துக்கு அரை மிமீ குறைத்தால் 0.87 மில்லி போகும், விகிதம் 7.5 ஆகும். அதற்கு மேல் பேராசைப்பட வேண்டாம். ஏர் கூலிங் என்ஜின், நம் ஊர் வெயில்.

திரும்ப மாட்டும்போது நான்கு நட்டையும் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். 8 மிமீ ஸ்டட்டுக்கு 16 நியூட்டன் மீட்டர் அளவு போதும். ஒருமுறை சூடாகி ஆறியபின் மறுபடி பாருங்கள். தாமிர பேக்கிங் போட்டால், பழையதையே சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் முக்கி மென்மையாக்கித் திரும்பப் போடலாம்.

சிலிண்டர் வாசல்களில் அரம் போடலாமா?

போடலாம். ஆனால் திரும்பி வர முடியாத வேலை. உதிரி சிலிண்டர் ஒன்றை வாங்கி அதில் செய்து பாருங்கள்.

சிலிண்டர் அலுமினியம். உட்சுவரில் மெல்லிய குரோம் பூச்சு. இதனால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கவும் (ரீபோர்) முடியாது. அரத்தை எப்போதும் சிலிண்டர் உட்புறத்திலிருந்து வாசலுக்குள் தள்ளும் திசையில் மட்டும் போட வேண்டும். இழுத்தால் குரோம் உரிந்து வரும். முடிந்ததும் வாசல் விளிம்பை நயமான எமரியால் மழுக்குங்கள். கூர்மையாக விட்டால் பிஸ்டன் ரிங் மாட்டி உடையும்.

என் கருத்தில் வீட்டில் செய்யத் தகுந்தவை இரண்டே. ஒன்று, வார்ப்பில் நிற்கும் பிசிறுகளை எடுப்பது. மற்றது, பிஸ்டன் உச்சத்தில் நிற்கும்போது கார்பரேட்டர் வாசல் வழியாக எட்டிப் பார்ப்பது. பிஸ்டனின் கீழ் விளிம்பு வாசலைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு நின்றால், மறைக்கும் அளவைக் குறித்து, அந்தப் பக்கத்து விளிம்பில் அதை மட்டும் வெட்டி வளைவாக மழுக்குங்கள். கூடுதலாக வெட்டினால் குறைந்த வேகத்தில் கலவை கார்பரேட்டர் வழியாகவே திரும்பித் துப்பும்.

எக்ஸாஸ்ட் வாசலை உயர்த்துவது, அகலப்படுத்துவது எல்லாம் வேறு கணக்கு. ரிங் முனைகளைப் பிடித்து நிறுத்தும் சின்ன ஊசி (பின்) பிஸ்டனில் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எந்த வாசலையும் அகலப்படுத்தக் கூடாது.

பூஸ்ட் பாட்டில் (இன்டேக் குழாயோடு இணைக்கும் காலி டப்பா), பெட்ரோல் டியூபில் கட்டும் காந்தம், உயர் ஆக்டேன் பெட்ரோல்?

காந்தம் ஏமாற்று. 7-க்கு 1 கம்ப்ரெஷனுக்கு உயர் ஆக்டேன் தேவையே இல்லை. பூஸ்ட் பாட்டில் ஒரு குறுகிய சுற்று வேகத்தில் கொஞ்சம் வழவழப்பு தரலாம், அதோடு கசிய ஒரு புது இடத்தையும் தரும்.

கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்கிறதே?

ரப்பர் வைத்துப் பூட்டினால் குறையும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. ரப்பரின் மேல் என்ஜின் ஆடும், செயின் இழுப்பு மாறும், ஸ்டட் ஒடியும். உலோகத்தோடு உலோகமாக, ஃபிரேமின் வளைவுக்குப் பொருந்தும் பிடிகளோடு இறுக்குங்கள். கிட்டோடு வரும் 6 மிமீ ஸ்டட்களையும் நல்ல எஃகில் மாற்றுங்கள். திருகு கழலாமல் பிடிக்கும் பசை (த்ரெட்லாக்கர்) தடவி மாட்டினால் கழலாது.

சக்தி இருக்கிறது, ஆனால் வண்டி இழுக்கவில்லை. எங்கே போகிறது?

பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சைக்கிள் மாதிரி லேசாக உருள வேண்டும். இழுத்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. உள்ளே பூப்போன்ற நட்டை ஒரு காடி திருப்பிச் சரிசெய்ய வேண்டும். மாறாக, ஏற்றத்தில் என்ஜின் கத்தி வண்டி நகராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, கம்பி இறுக்கமா என்று பாருங்கள்.

அப்புறம் செயின். முன் பல்லும் பின் பல்லும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பின் பல்சக்கரம் கோணலாக உட்கார்ந்தால் செயின் ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தொங்கும். ஸ்போக்கில் ரப்பர் வைத்து 9 போல்ட்டில் பூட்டும் முறையில் பொறுமையாகச் சுற்றிப் பார்த்து ஒவ்வொன்றாக இறுக்குவது தவிர வேறு வழியில்லை. செயின் டென்ஷனர் (செயின் தொங்காமல் அழுத்தும் உருளை) சரிந்து ஸ்போக்கில் மாட்டினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். செயினை அளவாக வெட்டி டென்ஷனரே இல்லாமல் ஓட்ட முடிந்தால் அதுதான் சிறந்தது. டயரில் காற்றையும் பாருங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள், ஆனால் பாதிப் பேர் பார்ப்பதில்லை.

மலைப்பகுதியில் ஓட்டலாமா?

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். சக்தியும் அதே அளவு குறையும், கலவை கெட்டியாகும். ஒரு அளவு சின்ன ஜெட், 48 பல். கீழே இறங்கினால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

பிரேக் போதுமா?

போதாது. சைக்கிள் பிரேக் 15, 20 கிலோமீட்டர் வேகத்துக்கு. 40-இல் போகிற வண்டிக்கு முன்னால் டிஸ்க் அல்லது குறைந்தபட்சம் நல்ல வி-பிரேக், அலுமினிய ரிம், இரு சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக் வேண்டும். பழைய இரும்பு ரிம் மழையில் நிற்காது. பல்சக்கரத்தைச் சின்னதாக்கும் முன் இதற்குச் செலவு செய்யுங்கள். ஹெல்மெட்டும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்தான்.

ரோட்டில் ஓட்டலாமா?

இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவாகவும் 25 சிசிக்கு மிகாமலும் இருப்பது "மோட்டார் வாகனம்" என்ற வரையறைக்கு வெளியே நிற்கும். 48-உம் 66-உம் உள்ளே வருகின்றன. அதாவது பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் வேண்டும், வீட்டில் பூட்டிய சைக்கிளுக்குப் பதிவு வாங்குவது நடக்காத காரியம். தோட்டம், தோப்பு, சொந்த நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

என்னிடம் இருப்பது ஃபோர்-ஸ்ட்ரோக் 49 சிசி கிட். இதெல்லாம் பொருந்துமா?

பல்சக்கரம், செயின், டயர், பிரேக் பற்றிச் சொன்னவை பொருந்தும். பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது, அதற்குத் தனி ஆயில் உண்டு. வாசல், பிஸ்டன் விளிம்பு, எக்ஸ்பான்ஷன் சைலன்சர் பற்றியவை பொருந்தாது.